ஷெக்கினா: இந்தப் பெயரைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் மகளுக்கு ஷெக்கினா என்று பெயரிட்டு ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. பெயரிட்ட அன்று எனக்கே அதன் பொருள் பாதிதான் தெரியும். ஆலயத்தில் பாடகர் குழுவில் பாடும்போது காதில் விழுந்த சொல், இனிமையாக இருந்தது, வைத்துவிட்டோம். பிறகு ஆளுக்கொரு பொருள் சொன்னார்கள். ஒருவர் சொன்னது இன்னொருவர் சொன்னதோடு ஒட்டவில்லை. அந்தக் குழப்பத்தில்தான் எபிரெய எழுத்துகளைக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டேன்.

ஞாயிறு பள்ளியில் பாடம் எடுப்பவள் என்பதால் பெயர் தேடும் பெற்றோர் என்னிடம் வருகிறார்கள். கைக்குழந்தையோடு வாசலில் நின்றபடியே கேட்டவர்களும் உண்டு. எல்லோருக்கும் திரும்பத் திரும்பச் சொன்னதை இங்கே ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். வேதாகம வசனங்களை நம் ஆலயங்களில் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பின்படியே தந்திருக்கிறேன்.

ஷெக்கினா என்றால் என்ன அர்த்தம்? ஒரே வரியில் சொல்லுங்கள்.

தங்குதல், குடியிருத்தல். இன்னும் சரியாகச் சொன்னால், கடவுள் மனிதர்கள் நடுவே வந்து குடியிருப்பது.

இது எபிரெய மொழியில் ஷ, க, ன என்ற மூன்று மெய்களை வேராகக் கொண்ட சொல். அதே வேரிலிருந்து பிறந்த மற்றச் சொற்களைப் பார்த்தால் பொருள் கைக்குப் பிடிபடும். ‘ஷாகேன்’ என்றால் அண்டை வீட்டுக்காரர். ‘ஷெகுனா’ என்றால் நாலு தெரு சேர்ந்த ஒரு குடியிருப்புப் பகுதி. ‘ஷிக்குன்’ என்றால் வீட்டு வசதி. இன்றைய இஸ்ரேலில் வீட்டு வசதி அமைச்சகத்தின் பெயரிலேயே அந்தச் சொல் இருக்கிறது. ‘மிஷ்கான்’ என்பது வனாந்தரத்தில் மோசே எழுப்பிய கூடாரம். இவ்வளவு வீட்டு வாசனை அடிக்கும் ஒரு சொல் குடும்பத்தில் பிறந்த பெயர் இது.

தமிழில் இதற்கு மிக நெருக்கமான சொல் ‘வாசம்’. குடியிருப்பையும் அந்தச் சொல்லால் சொல்கிறோம், மல்லிகையின் மணத்தையும் அதனாலேயே சொல்கிறோம். எபிரெயத்தில் இந்த இரண்டாவது பொருள் கிடையாது. அது நம் மொழி கொடுத்த கூடுதல் வரவு. எனக்கு அது மிகவும் பிடிக்கும்.

இணையத்தில் ‘கடவுளின் மகிமை’, ‘ஒளி’ என்றுதானே போட்டிருக்கிறது?

ஆம், பெரும்பாலான பெயர்ப் பட்டியல்களில் அப்படித்தான் இருக்கிறது. முழுப் பிழை என்று சொல்லமாட்டேன். ஆனால் அது பக்கத்து வீட்டுக்காரரின் முகவரி. எபிரெயத்தில் மகிமைக்கு ‘காவோத்’ என்ற வேறு சொல் இருக்கிறது. அதன் வேர் ‘கனம்’, அதாவது எடை. நாம் பெரியவர்களை ‘கனம் பொருந்திய’ என்று சொல்வதில் இருக்கும் அதே கனம்.

இரண்டும் எப்படிக் கலந்தன என்றால், வேதாகமத்தில் அவை அடிக்கடி ஒரே வசனத்தில் நிற்கின்றன. யாத்திராகமம் 24:16இல் ‘கர்த்தருடைய மகிமை சீனாய்மலையின்மேல் தங்கியிருந்தது’ என்று வருகிறது. இதில் ‘மகிமை’ என்பது காவோத். ‘தங்கியிருந்தது’ என்ற வினைதான் ஷெக்கினாவின் வேர். அடுத்த வசனத்திலேயே அந்த மகிமை மலையுச்சியில் பட்சிக்கிற அக்கினியைப் போலத் தெரிந்தது என்றும் இருக்கிறது. மேகமும் நெருப்பும் ஒளியும் இப்படித்தான் இந்தப் பெயரோடு வந்து ஒட்டிக்கொண்டன. பின்னாளில் ‘ஷெக்கினா மகிமை’ என்று இரண்டையும் சேர்த்தே பிரசங்கங்களில் சொல்லிச் சொல்லி, தங்குதல் என்ற முதற்பொருள் மங்கிப்போனது.

இதை நான் விடாப்பிடியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒளியைத் தொலைவில் நின்று பார்த்துக்கொண்டே இருக்கலாம். குடியிருப்பவர் அப்படியல்ல, நம் தெருவிலேயே இருக்கிறார், நம் வீட்டுச் சத்தம் அவருக்குக் கேட்கிறது. ஒரு பெண் குழந்தைக்கு அந்தப் பொருளைத்தான் கொடுக்க ஆசைப்படுகிறேன்.

ஞானஸ்நான அழைப்பிதழில் அச்சிட வேண்டும். எந்த வசனத்தில் ஷெக்கினா வருகிறது?

எந்த வசனத்திலும் வராது. பழைய ஏற்பாட்டில் இந்தப் பெயர்ச்சொல் இல்லை, புதிய ஏற்பாட்டிலும் இல்லை. இதைச் சொன்னதும் சிலருடைய முகம் வாடிவிடுகிறது. வாட வேண்டியதில்லை. முதல் கேள்வியில் சொன்ன மிஷ்கான் என்ற உடன்பிறப்பு நூறு முறைக்கு மேல் வருகிறது. நம் மொழிபெயர்ப்பு அதை ‘வாசஸ்தலம்’ என்கிறது. வினைச்சொல்லும் பல இடங்களில் இருக்கிறது.

அழைப்பிதழுக்கு யாத்திராகமம் 25:8ஐப் பரிந்துரைப்பேன்: ‘அவர்கள் நடுவிலே நான் வாசம்பண்ண, எனக்கு ஒரு பரிசுத்த ஸ்தலத்தை உண்டாக்குவார்களாக.’ இதில் ‘வாசம்பண்ண’ என்பது அந்த வேர்தான். புதிய ஏற்பாட்டிலிருந்துதான் வேண்டும் என்றால் யோவான் 1:14: ‘அந்த வார்த்தை மாம்சமாகி, கிருபையினாலும் சத்தியத்தினாலும் நிறைந்தவராய், நமக்குள்ளே வாசம்பண்ணினார்.’ அங்கே கிரேக்க மூலத்தில் இருப்பது ‘கூடாரமிட்டுத் தங்கினார்’ என்று பொருள்படும் சொல். யோவானின் மனதில் மோசேயின் கூடாரம் இருந்தது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை என்றே நினைக்கிறேன்.

வேதத்தில் இல்லாத சொல் என்றால் எங்கிருந்து வந்தது? யார் உருவாக்கினார்கள்?

யூத ஆசிரியர்களான ரபீக்கள். கி.பி. முதல் சில நூற்றாண்டுகளில் ஜெப ஆலயங்களில் எபிரெய வேதத்தை மக்கள் பேசிய அரமேய மொழியில் விளக்கிச் சொல்லவேண்டியிருந்தது. அந்த மொழிபெயர்ப்புகளுக்குத் தர்கும் என்று பெயர். சர்வ வல்லவரை ‘வந்தார், உட்கார்ந்தார், தங்கினார்’ என்று மனிதரைப்போல நேராகச் சொல்ல அவர்களுக்குக் கூச்சம். ஆகவே மேலே காட்டிய யாத்திராகமம் 25:8ஐ ஓன்கெலோஸ் தர்கும் ‘என் ஷெக்கினாவை அவர்கள் நடுவே தங்கச் செய்வேன்’ என்று மாற்றிச் சொல்கிறது. மரியாதையின் பொருட்டுப் பிறந்த சொல் இது. பெரியவர்களின் பெயரை நேரே சொல்லாமல் ‘ஐயா’, ‘அம்மா’ என்று சுற்றிச் சொல்லும் நமக்கு இந்தக் கூச்சம் எளிதாகப் புரியும்.

கி.பி. 200ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட, ரபீக்களின் வாய்மொழிப் போதனைகளைக் கொண்ட மிஷ்னாவிலும் இந்தச் சொல் இருக்கிறது. அதில் ‘முன்னோர் மொழிகள்’ என்ற பகுதியின் மூன்றாம் அதிகாரத்தில் ரபீ ஹனனியா பென் தெரதியோன் சொல்கிறார்: இரண்டு பேர் உட்கார்ந்து வேத வார்த்தைகளைப் பேசிக்கொண்டிருந்தால் அவர்கள் நடுவே ஷெக்கினா தங்கியிருக்கிறது. ‘இரண்டுபேராவது மூன்றுபேராவது என் நாமத்தினாலே எங்கே கூடியிருக்கிறார்களோ, அங்கே அவர்கள் நடுவிலே இருக்கிறேன்’ என்ற மத்தேயு 18:20ஐ அறிந்தவர்களுக்கு இதைப் படிக்கும்போது உடல் சிலிர்க்கும். அந்த ரபீ ரோமர்களின் தடையை மீறி வேதம் கற்பித்ததற்காக, வேதச் சுருளாலேயே சுற்றப்பட்டு எரிக்கப்பட்டார் என்று, மிஷ்னாவை விளக்கும் பெருந்தொகுப்பான தல்மூத் கூறுகிறது. தீயில் நின்றவரிடம் சீடர்கள் என்ன தெரிகிறது என்று கேட்டார்களாம். தோல் எரிகிறது, எழுத்துகள் மேலே பறக்கின்றன என்றாராம். என் மகளின் பெயர் இப்படிப்பட்ட ஒருவரின் வாயில் இருந்த சொல் என்பதை அறிந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

எங்கள் பாட்டி காலத்தில் ஒரு ஷெக்கினாவும் இல்லையே. இது எப்போது பெயரானது?

இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான சொல், ஆனால் புதிய பெயர். ஆங்கிலச் சமய நூல்களில் 17ஆம் நூற்றாண்டிலேயே இந்தச் சொல் நுழைந்துவிட்டது. பெண் குழந்தைகளுக்கு இடும் வழக்கமோ நம் காலத்தது. பெந்தெகொஸ்தே ஆராதனைப் பாடல்களும் பிரசங்கங்களும் எங்கெல்லாம் பரவினவோ அங்கெல்லாம், ஆப்பிரிக்கா, அமெரிக்கா, தென்னிந்தியா என்று, இந்தப் பெயரும் போயிருக்கிறது. தமிழ்நாட்டில் சபைகளுக்கு இருந்த பெயர் மெல்ல மெல்லப் பிள்ளைகளுக்கு வந்தது.

தமிழ்க் கிறிஸ்தவர்கள் பெயர் வைப்பதில் இரண்டு வழிகள் நெடுங்காலமாக இருக்கின்றன. ஒன்று, பொருளை மொழிபெயர்ப்பது. 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று, 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயத்தின் பெயர், ‘கடவுள் உதவினார்’ என்று பொருள்படும் லாசர் என்ற பெயரின் தமிழாக்கம். யோசேப்பை வீரமாமுனிவர் ‘வளன்’ என்று அழைத்ததும் இந்த வழியில்தான். இரண்டாவது வழி, ஒலியை அப்படியே எடுத்துக்கொள்வது: சாமுவேல், எபெனேசர், கெத்சியாள். ஷெக்கினா இந்த இரண்டாவது வழியில் வந்தவள்.

முதல் வழியில் போக விரும்பினால் ‘பிரசன்னா’ இருக்கிறது. ‘தேவ பிரசன்னம்’ என்று நாம் சொல்வது ஏறத்தாழ ஷெக்கினாவைத்தான். எல்லாச் சமயத்தாரும் வைக்கும் பெயர் அது என்பதை நான் குறையாகப் பார்ப்பதில்லை. என் மாமியார் ஆரம்பத்தில் ஷெக்கினா என்ற பெயர் வாயில் நுழையவில்லை என்று சொல்லி என் மகளை ‘மகிமை’ என்றே கூப்பிட்டார்கள். இன்றும் அவர்களுக்கு அவள் மகிமைதான்.

ஷெக்கினா, ஷெகினா, ஷெக்கைனா: எப்படி எழுதுவது சரி?

எபிரெயத்தில் ஷின், காஃப், யோத், நூன், ஹே என்று ஐந்து எழுத்துகள். காஃப் என்ற எழுத்து உயிரொலிக்குப் பின் வந்தால் வன்மை குறைந்து தொண்டையில் உரசி ஒலிக்கும். தமிழிலும் இதே கதைதான். ‘கல்’ என்பதில் வன்மையாக ஒலிக்கும் ககரம், ‘அகம்’, ‘பகல்’ என்று நடுவில் வரும்போது மென்மையாகிவிடுகிறது. ஆகவே ‘ஷெகினா’ என்று ஒற்றைக் ககரத்தோடு எழுதி, தமிழ் முறைப்படி வாசித்தால் அது எபிரெய ஒலிக்கு அருகில் போய் நிற்கும். ‘ஷெக்கினா’ என்ற இரட்டிப்பு ஆங்கில எழுத்துக்கூட்டு வழியாக வந்தது. இரண்டும் புழக்கத்தில் இருக்கின்றன. நாங்கள் பலரும் எழுதுவதுபோல் ஷெக்கினா என்றே வைத்தோம். ‘ஷெக்கைனா’ ஆங்கில உச்சரிப்பு. எபிரெயத்தில் அழுத்தம் கடைசி அசையில் விழும்.

வடவெழுத்து வேண்டாம் என்று நினைப்பவர்கள் ‘செக்கினா’ என்று எழுதலாம், இலக்கணப்படி தடையில்லை. ஆனால் பள்ளியில் பிள்ளைகள் ‘செக்கு’ என்று சுருக்கிக் கூப்பிடுவதற்கு வாய்ப்பு உண்டு. எங்கள் சபையில் ஒரு சிறுமிக்கு அப்படி நடந்து, அவள் அழுதுகொண்டு வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

பிறப்புச் சான்றிதழில் பெயரை உடனே சேர்க்க வேண்டுமா?

குழந்தை பிறந்து 12 மாதங்களுக்குள் கட்டணமில்லாமல் பெயரைப் பதிவு செய்யலாம். அதைத் தாண்டினால் தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டுகள் வரை சேர்க்கலாம். ஆகவே எழுத்துக்கூட்டை வீட்டில் பேசி முடிவு செய்த பிறகு போங்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் பெரிய எழுத்தில் தாளில் எழுதிக் கொடுங்கள், வாய்மொழியாகச் சொல்லாதீர்கள். நான் வாயால் சொன்னேன். சான்றிதழ் ‘ஷகிலா’ என்று வந்தது. திருத்துவதற்கு மூன்று முறை கைக்குழந்தையோடு அலைந்தேன்.

எங்கள் பக்கத்து வீட்டு முஸ்லிம் பெண்ணின் பெயர் சகீனா. இரண்டும் ஒன்றா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. ஒன்று இல்லை, ஆனால் அக்கா தங்கை. எபிரெயமும் அரபியும் ஒரே மொழிக் குடும்பம். எபிரெய ‘ஷ’ பல சொற்களில் அரபியில் ‘ஸ’ ஆகும்: ஷாலோம், ஸலாம். அதுபோல ஷ-க-ன என்ற வேர் அரபியில் ஸ-க-ன. அங்கேயும் அதற்குத் தங்குதல், குடியிருத்தல் என்றே பொருள். அதோடு அசையாமல் அமைதியாய் இருத்தல் என்ற பொருளும் உண்டு. மதரசாவில் குர்ஆன் ஓதப் படித்த எவருக்கும் ‘ஸுகூன்’ என்ற குறி தெரிந்திருக்கும். உயிர் சேராமல் மெய் தனித்து நிற்பதைக் காட்ட எழுத்தின்மேல் இடுவது, நம் மெய்யெழுத்தின் புள்ளியைப்போல. அந்த ஸுகூனும் இதே வேர்.

சகீனா என்பது குர்ஆனில் சில இடங்களில் வரும் சொல். இறைவன் நம்பிக்கையாளர்களின் உள்ளத்தில் இறக்கும் மன அமைதி அது (48:4). 2:248ஆம் வசனம் இன்னும் வியப்பானது. தாலூத்தின் அரசுரிமைக்கு அடையாளமாகப் பேழை திரும்பி வரும், அதில் உங்கள் இறைவனிடமிருந்து சகீனா இருக்கும் என்கிறது. தாலூத் நாம் சவுல் என்று சொல்லும் அரசர்தான். பேழை நம்முடைய உடன்படிக்கைப் பெட்டி. அந்தப் பெட்டியின்மேல்தான் ஷெக்கினா தங்கியிருந்தது என்று ரபீக்களும் சொன்னார்கள்.

புகாரியின் நபிமொழித் தொகுப்பில் ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. ஒருவர் அல்கஹ்ஃப் அத்தியாயத்தை ஓதிக்கொண்டிருக்கிறார், பக்கத்தில் அவருடைய குதிரை கட்டியிருக்கிறது. ஒரு மேகம் மெல்ல இறங்கி நெருங்கி வர, குதிரை மிரள்கிறது. காலையில் நபிகளிடம் போய்ச் சொன்னபோது, ஓதியதற்காக இறங்கி வந்த சகீனா அது என்றார்கள். யாத்திராகமம் 40ஆம் அதிகாரத்தில் ஆசரிப்புக் கூடாரத்தை மூடிய மேகத்தை நினைத்துக்கொண்டு இதை வாசித்துப் பாருங்கள். சகீனாவின் அம்மாவும் ஷெக்கினாவின் அம்மாவும் சுவருக்கு இருபுறமும் நின்று பேசிக்கொள்ள இவ்வளவு இருக்கிறது. கர்பலா நினைவுகளில் இமாம் ஹுசைனின் மகள் சகீனாவின் பெயருக்கு இருக்கும் இடத்தையும் அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஷகிலா, ஷைனா எல்லாம் இதன் வேறு வடிவங்களா?

இல்லை. ஷகிலா அழகைக் குறிக்கும் அரபிப் பெயர், வேர் வேறு. ஷைனா என்பது ஐரோப்பிய யூதர்களின் இத்திஷ் மொழியில் அழகானவள். ‘ஷகீனா’ என்று சிலர் எழுதுவது மட்டும் பெரும்பாலும் மேலே சொன்ன சகீனாதான்.

எண் கணிதப்படி ஒரு எழுத்தைக் கூட்டலாமா?

கூட்டாதீர்கள் என்பது என் விருப்பம். ஆங்கிலத்தில் கடைசியில் ஹெச் போடலாம், போடாமலும் விடலாம். இரண்டும் வழக்கில் இருப்பவை. அதற்கு மேல் இரண்டு ‘ஏ’, மூன்று ‘என்’ என்று சேர்த்தால் அந்தப் பெண் வாழ்நாள் முழுவதும் ஒவ்வொரு விண்ணப்பப் படிவத்திலும் அதை விளக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஷெக்கினா என்பது ஒரு பெண் தெய்வம், கடவுளின் மனைவி என்று ஒரு காணொளியில் பார்த்தேன். பயமாக இருக்கிறது.

பயப்படாதீர்கள், இரண்டு செய்திகள் அங்கே குழம்பியிருக்கின்றன. முதலாவது இலக்கணம். தமிழில் உயர்திணைக்கு மட்டுமே ஆண்பால் பெண்பால் உண்டு. மேசைக்கும் ஊருக்கும் நாம் பால் பார்ப்பதில்லை. எபிரெயத்தில் எல்லாப் பெயர்ச்சொல்லுக்கும் பால் உண்டு: மேசை ஆண்பால், நகரம் பெண்பால். இந்தி படித்தவர்கள் ‘கிதாப்’ பெண்பால் என்று மனப்பாடம் செய்திருப்பார்கள், அதே சங்கதி. ஷெக்கினா அந்தக் கணக்கில் பெண்பால் சொல். ஆவியைக் குறிக்கும் ‘ரூவாஹ்’ என்ற சொல்லும் பெரும்பாலும் பெண்பாலாகவே வரும். தல்மூத்தில் ஷெக்கினா என்பது கடவுள் அருகில் இருப்பதைக் குறிக்கும் சொல், அவ்வளவே.

இரண்டாவது, பிற்காலத்து மறைஞானம். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்பெயினில் வெளிப்பட்ட சோஹர் என்ற நூலும் அதைச் சார்ந்த கபாலா மரபும், கடவுள் வெளிப்படும் பத்து நிலைகளில் கடைசி நிலையாக ஷெக்கினாவை வைத்து, அரசி, மணப்பெண் என்ற உருவகங்களால் பேசின. அந்த உருவகங்களுக்குள் ஆழமான பக்தி இருக்கிறது. கபாலா ஞானிகளுங்கூடக் கடவுள் ஒருவரே என்பதில் உறுதியாக நின்றவர்கள். தனித் தெய்வம் என்று அவர்கள் சொல்லவில்லை. காணொளி இந்த உருவகத்தை மட்டும் பிய்த்து எடுத்திருக்கிறது. நான் அறிந்தவரை எந்தப் போதகரும் இந்தக் காரணத்துக்காக இந்தப் பெயரை மறுத்ததில்லை.

கடவுளின் பிரசன்னத்தையே ஒரு மனிதப் பிள்ளைக்குப் பெயராக வைப்பது ஆணவம் இல்லையா?

கேட்க வேண்டிய கேள்விதான். யூதர்கள் தங்கள் பெண் குழந்தைகளுக்கு இதை இடுவது வழக்கமில்லை. அவர்களுக்கு இது ஜெபத்திலும் படிப்பிலும் வரும் புனிதச் சொல். உங்கள் மகள் நாளை ஒரு யூதரிடம் பெயரைச் சொன்னால் அவர் சற்றுத் திகைக்கலாம் என்பதை அறிந்தே வையுங்கள். அவளுக்கும் அதைச் சொல்லி வளருங்கள்.

ஆயினும் ‘தேவன் நம்மோடிருக்கிறார்’ என்று பொருள்படும் இம்மானுவேலை நம் ஊரில் எத்தனை பிள்ளைகளுக்கு வைத்திருக்கிறோம்! அந்தப் பையனே கடவுள் என்று யாரும் நினைப்பதில்லை. அவனைக் கூப்பிடும்போதெல்லாம் ஒரு வாக்கியத்தைச் சொல்லிக்கொள்கிறோம். ஷெக்கினாவையும் அப்படித்தான் கூப்பிடுகிறேன்.

நாங்கள் கத்தோலிக்கர்கள். புனிதர் பெயர் இல்லாமல் திருமுழுக்குக் கொடுப்பார்களா?

1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் கிறிஸ்தவப் பெயர் வேண்டும் என்று வலியுறுத்தியது. 1983இன் சட்டத்தில், 855ஆம் விதி, கிறிஸ்தவ உணர்வுக்கு அந்நியமான பெயர் வேண்டாம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. திருமுழுக்குப் பெயர் ஒரு கிறிஸ்தவ மறைபொருளையோ நற்பண்பையோ குறிக்கலாம் என்று கத்தோலிக்க மறைக்கல்வி நூலும் சொல்கிறது. ஷெக்கினா அதற்குள் அடங்கும். நாம விழா கொண்டாட ஒரு புனிதர் வேண்டும் என்றால் கூடவே ‘மரியா’ சேர்த்துவிடுங்கள்.

ஆண் பிள்ளைக்கு இதே பொருளில் பெயர் இருக்கிறதா?

இருக்கிறது, அதுவும் வேதாகமத்திலேயே. செக்கனியா: ‘கர்த்தர் தங்கினார்’ என்று பொருள். எஸ்றா 10:2இல், ஊரே குற்ற உணர்வில் அழுதுகொண்டிருக்கும்போது எழுந்து நம்பிக்கையாகப் பேசுகிறவர் ஒரு செக்கனியா. ஷெக்கினாவுக்குத் தம்பி பிறந்தால் இதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது. ஏனோ யாரும் வைப்பதில்லை.

மகிமை ஆலயத்தை விட்டே போய்விட்டது என்று எசேக்கியேலில் இருக்கிறதே? போய்விடும் ஒன்றின் பெயரை வைக்கலாமா?

இதைக் கேட்டவர் ஓய்வு பெற்ற ஒரு தலைமையாசிரியர். உடனே பதில் சொல்ல முடியவில்லை. இரண்டு வாரம் கழித்துத்தான் சொன்னேன்.

போனது உண்மை. 1 சாமுவேல் 4ஆம் அதிகாரத்தில் உடன்படிக்கைப் பெட்டி பெலிஸ்தரிடம் பிடிபட்ட செய்தி கேட்டு, பினெகாஸின் மனைவிக்குப் பிரசவ வலி வந்துவிடுகிறது. மாமனார் இறந்துவிட்டார், கணவனும் இறந்துவிட்டான். ஆண் பிள்ளை பிறந்திருக்கிறது என்று பக்கத்தில் நின்ற பெண்கள் ஆறுதல் சொன்னபோதும் அவள் மனம் அதில் போகவில்லை. சாகும் தறுவாயில் ‘மகிமை இஸ்ரவேலை விட்டுப் போயிற்று’ என்று சொல்லி, அந்தப் பிள்ளைக்கு இக்கபோத் என்று பேரிட்டாள். இரண்டாம் கேள்வியில் பார்த்த ‘காவோத்’ அந்தப் பெயருக்குள் இருக்கிறது: மகிமை எங்கே? ஷெக்கினாவுக்கு நேர் எதிரான ஒரு பெயர் உண்டென்றால் இதுதான். எசேக்கியேல் 11:23இல் மகிமை எருசலேமின் நடுவிலிருந்து எழும்பி, கிழக்கே இருக்கிற மலையின்மேல் போய் நிற்கிறது. பிறகு கட்டிய இரண்டாம் ஆலயத்தில் இல்லாமற்போன ஐந்தில் ஷெக்கினாவும் ஒன்று என்று தல்மூத் எண்ணிச் சொல்கிறது.

ஆனால் எசேக்கியேல் இதையெல்லாம் எங்கே இருந்துகொண்டு பார்த்தார்? பாபிலோனில், கேபார் நதியண்டையில், சிறைப்பட்டுப்போன மக்களோடு. அந்த மகிமை முதன்முதலில் அவருக்குத் தெரிந்ததே அந்த அந்நிய நதிக்கரையில்தான். ரபீக்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். இஸ்ரவேலர் எங்கெல்லாம் நாடு கடத்தப்பட்டார்களோ அங்கெல்லாம் ஷெக்கினாவும் அவர்களோடு நாடு கடந்து போயிற்று, எகிப்துக்கும் போயிற்று, பாபிலோனுக்கும் போயிற்று என்று தல்மூத்தின் மெகில்லா பகுதி சொல்கிறது. வீட்டை இழந்தவர்களோடு தானும் வீடிழந்து போகிற குடியிருப்பு. தலைமையாசிரியரிடம் இதைச் சொன்னபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அவருடைய மூத்த மகன் குடும்பம் வெளிநாட்டில் இருக்கிறது. அங்கே பிறக்கப்போகும் பேத்திக்குத்தான் பெயர் கேட்டிருந்தார்.

சின்னப் பிள்ளைக்கு இதையெல்லாம் எப்படிப் புரியவைத்தீர்கள்?

எல்லாவற்றையும் சொல்லவில்லை. நாலு வயதில் கேட்டாள். ‘கூடவே இருப்பது’ என்று சொன்னேன். அதோடு போய்விட்டாள். ஏழு வயதில் மறுபடி கேட்டபோது, நோயாளியின் கட்டில் தலைமாட்டில் ஷெக்கினா இருக்கிறது என்று ரபீக்கள் சொன்னதைக் கதையாகச் சொன்னேன். அதனால்தான் நோயாளியைப் பார்க்கப் போகிறவர் கட்டிலில் உட்காரக்கூடாது, தாழ்வாக எதிரே உட்கார வேண்டும் என்று ஒரு முறையே வைத்திருந்தார்கள். இது அவள் மனதில் எவ்வளவு ஆழமாகப் பதிந்தது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

போன ஆண்டு மழைக்காலத்தில் என் மாமியார் காய்ச்சலில் பத்து நாள் படுத்திருந்தார்கள். கட்டில் அகலமானது, ஓரத்தில் தாராளமாக இடம் இருந்தது. பள்ளியிலிருந்து வந்ததும் மகள் தரையில் பாயை விரித்து, கட்டிலுக்கு எதிரே உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதினாள். ‘மேலே வந்து உட்காரேன், மகிமை’ என்று ஆச்சி கூப்பிட்டார்கள். ‘அங்கே ஆள் இருக்கிறது, ஆச்சி’ என்று சொல்லிவிட்டு அவள் கணக்கைத் தொடர்ந்தாள்.